ட்ரெடிஷனல் ஜாஸுக்கு இன்னும் உசுரு இருக்கா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான். நியூஜெர்சில இருக்குற ஒரு அம்மா கேக்குறாங்க, பொண்ணு ஏழாவது படிக்கிறா, ஸ்கூல் பேண்டுல கிளாரினெட் வாசிக்கிறா, யூடியூப்ல பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கேட்டுட்டு எனக்கு இதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, ஆனா வீட்டுக்கு வந்து கத்துக்குடுக்குற சார் "அதெல்லாம் செத்துப்போன மியூசிக், மாடர்ன் ஜாஸ் படி இல்லன்னா கிளாசிக்கல் பக்கம் போ"ன்னுட்டாராம். அவர் சொல்றது உண்மையா?

பாதி உண்மைங்க. எந்தப் பாதின்னு சொல்றதுக்கு கொஞ்சம் சுத்தி வரணும், பொறுமையா படிங்க. நான் ஒண்ணும் பெரிய வித்வான் இல்ல, கிளாரினெட் கத்துக்கறேன்னு ஆரம்பிச்சு மூணு வருஷம் ரீடு வாங்குன காசுதான் செலவுன்னு விட்டவன், ஆனா இந்த இசைய இருபது வருஷமா விடாம கேக்குறேன், அது பொழைக்கிற ஊரு ஒண்ணையும் சாகுற ஊரு ஒண்ணையும் நேர்ல பாத்திருக்கேன்.

மொதல்ல எதப் பத்திப் பேசுறோம்னு ஒரு தடவ சொல்லிடறேன். ஜாஸ்னாலே நம்மாளுங்களுக்கு மைல்ஸ் டேவிஸ் ஞாபகம் வரும், இல்லன்னா ஸ்டார் ஹோட்டல் லாபில சன்னமா ஓடிட்டிருக்குற சாக்ஸஃபோன் ஞாபகம் வரும். இது ரெண்டும் இல்ல. 1900 வாக்குல அமெரிக்காவோட தெக்குப் பக்கம் இருக்குற நியூ ஆர்லியன்ஸ் தெருவுலயும் டான்ஸ் ஹால்லயும் உருவான ஸ்டைல், டிக்சிலேண்ட்னும் சொல்வாங்க. கார்னெட்டோ ட்ரம்பெட்டோ பாட்டோட மெட்ட ஓரளவு நேரா எடுத்துட்டுப் போகும், கிளாரினெட் அதுக்கு மேல கொடி படர்ற மாதிரி சுத்திட்டே போகும், ட்ராம்போன் கீழேந்து இழுத்து இழுத்து சந்து பொந்த அடைக்கும், மூணும் ஒரே நேரத்துல, பேப்பர் பாத்து இல்ல, அந்த நிமிஷம் தோணுறத. பின்னாடி பாஞ்சோ, ட்யூபா, ட்ரம்ஸ், எடம் இருந்தா பியானோ. அந்த ட்ராம்போன் ஸ்டைலுக்கு டெயில்கேட்னு பேரு, ஏன்னா அந்தக் காலத்துல பேண்டுக்காரங்க விளம்பரத்துக்கு குதிர வண்டில ஏறி தெருத்தெருவா வாசிச்சுட்டுப் போவாங்க, ட்ராம்போன்காரர் கைய நீட்டி இழுக்குறப்ப முன்னாடி ஒக்காந்திருக்குறவர் மண்டைல இடிக்கக்கூடாதுன்னு அவர மட்டும் வண்டியோட பின்பலகைல ஒக்கார வெச்சிருவாங்க. தெருவுல பொறந்த இசைங்கறதுக்கு இத விட நல்ல அத்தாட்சி கெடையாது.

இப்ப நான் பாத்த ஒரு ஞாயித்துக்கிழமையச் சொல்றேன். ரெண்டு வருஷம் இங்கிலாந்துல ப்ராஜக்ட்ல இருந்தேன், அப்ப பக்கத்து ஊர்ல ஒரு பப்போட பின்கட்டு ரூம்ல மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு மத்தியானம் ட்ரேட் ஜாஸ், அதாவது ட்ரெடிஷனல் ஜாஸ், நடக்கும்னு கேள்விப்பட்டு போனேன். வாசல்ல ஒரு பாட்டி பிஸ்கட் டின்னுல காசு வாங்கிப் போட்டு கைல மை முத்திரை குத்துனாங்க. உள்ள நாப்பது பேர் இருப்பாங்க, நான்தான் வயசுல சின்னவன், எனக்கு அடுத்து சின்னவர் யாருன்னா பார்ல க்ளாஸ் கழுவிட்டிருந்த பையன், அவன் கணக்குல வரமாட்டான். மேடைல ஆறு பேர், எல்லாருக்கும் எழுவதுக்கு மேல. வாசிப்பு ஒண்ணும் சளைச்சது இல்ல, கிளாரினெட்காரர் பழுத்த கை, ஒரு மெதுவான ப்ளூஸ் எடுத்தாரு பாருங்க, ரூம்ல இருமல் சத்தம்கூட நின்னுபோச்சு. இடைவேளைல ராஃபிள் குலுக்கல், பரிசு ஒரு ஒயின் பாட்டில். குலுக்கலுக்கு முன்னாடி மைக்ல ஒருத்தர் வந்து போன மாசம் தவறிப்போன ரெண்டு மெம்பருங்க பேரச் சொன்னாரு, எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, யாருக்கும் அது புதுசா இல்ல, எனக்குத்தான் என்னவோ பண்ணுச்சு. அடுத்த வருஷம் விசாரிச்சா அந்த செஷனே நின்னுபோச்சு, வாசல்ல காசு வாங்குன பாட்டிதான் பேண்டு புக் பண்றது, கணக்கு எழுதுறது எல்லாமாம், அவங்களுக்கு முடியாம போனதும் அந்த நோட்டப் புடிக்க ஆள் இல்ல.

உங்க சார் பாத்த சாவு இதுவாத்தான் இருக்கும். பொய் இல்ல. ஆனா யாரு சாகுறாங்கன்னு கவனிக்கணும்.

பிரிட்டன்ல இந்த இசை வந்த கதையே வேற. 1940கள்ல ரெக்கார்டு சேக்குற பசங்க சிலபேர் பழைய 78 ஆர்பிஎம் தட்டுங்களக் கேட்டு அப்டியே வாசிக்க ஆரம்பிச்சாங்க. கென் கோல்யர்னு ஒருத்தர், கார்னெட்காரர், நியூ ஆர்லியன்ஸுக்குப் போகணுங்கற ஒரே வெறில மெர்ச்சன்ட் நேவில சேந்து, அமெரிக்கா கரைல கப்பல விட்டு எறங்கி, 1952 கடைசில அந்த ஊருக்குப் போய் சேந்தாரு, ஜார்ஜ் லூயிஸ் மாதிரி பழந்தின்னு கொட்ட போட்ட கறுப்பினக் கலைஞருங்களோட ஒக்காந்து வாசிச்சாரு, விசா முடிஞ்சும் நகரல, புடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஜெயில்ல போட்டு அனுப்பி வெச்சாங்க. 1953ல ஊர் திரும்புறப்ப ஹீரோ. அவரோட பேண்டுல க்ரிஸ் பார்பர் ட்ராம்போன், லோனி டோனகன் பாஞ்சோ. கோல்யர் ஒரு பிடிவாதக்காரர், சீக்கிரமே சண்ட வந்து பிரிஞ்சிட்டாங்க, ஆனா அதுலேந்து கிளம்புன அலை 1960 வாக்குல நாடு பூரா ட்ரேட் பைத்தியமா ஆயிருச்சு. அக்கர் பில்க்னு பவுலர் தொப்பி போட்ட கிளாரினெட்காரர் வாசிச்ச ஒரு மெதுவான ட்யூன் 1962ல அமெரிக்காவுலயே நம்பர் ஒன் போச்சு.

இதுல ஒரு வேடிக்க பாருங்க. பார்பர் பேண்டு இடைவேளைல டோனகன் கிட்டார் எடுத்து ஜாலியா பாடுன ஸ்கிஃபில், அதாவது கிட்டாரும் வீட்டுச் சாமானும் வெச்சு வாசிக்கிற எளிய பாட்டு ஸ்டைல்தான் தனியா பிச்சுக்கிட்டு ஹிட்டாச்சு, அதக் கேட்டுத்தான் லிவர்பூல்ல ஜான் லெனன்னு ஒரு பையன் பேண்டு ஆரம்பிச்சான், அந்தப் பையன் பின்னாடி வாசிச்ச கேவர்ன் க்ளப்பே 1957ல ஜாஸ் க்ளப்பா தொறந்த எடம். 1963ல பீட்டில்ஸ் அடிச்ச அடில ட்ரேட் அலை சுருண்டுருச்சு. வீட்டுல பொறந்த புள்ளையே வீட்ட எழுதி வாங்கிட்ட மாதிரி. ஆனா அந்த மூணு நாலு வருஷத்துல பதினெட்டு இருவது வயசுல மனசக் குடுத்தவங்க இருக்காங்களே, அவங்க கடைசி வரைக்கும் விடல, அவங்கதான் பப்பு, க்ளப்பு, கடலோர ஃபெஸ்டிவல்னு அறுபது வருஷம் தூக்கிப் புடிச்சாங்க. 1960ல பதினெட்டுன்னா இப்ப எண்பத்தி சொச்சம். கணக்கு அவ்ளோதான். அமெரிக்காவுலயும் இதே கணக்குதான், கலிஃபோர்னியா சாக்ரமென்டோல 1974ல டிக்சிலேண்ட் ஜூபிலின்னு ஆரம்பிச்சு ஊரே திருவிழா மாதிரி நடந்தது, பேரெல்லாம் மாத்திப் பாத்தாங்க, கூட்டம் கரைஞ்சு 2017ஓட மூடிட்டாங்க.

ஆக, அந்த ரசிகர் தலைமுற போகுது. அவங்களோட இசையும் சேந்து போகுதாங்கறது வேற கேள்வி. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறதாலதான் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ யாராவது ஒருத்தர் ஜாஸுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சுட்டுப் போறாரு.

உண்மையச் சொன்னா மொத கருமாதி 1930கள்லயே நடந்துருச்சு. ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு குரு கிங் ஆலிவர், 1923ல இண்டியானா மாநிலம் ரிச்மண்ட்ல ஒரு ரயில் பாத ஓரத்து ஸ்டுடியோல அவர் பேண்டு பதிவு பண்ணின ரெக்கார்டுதான் இந்த ஸ்டைலுக்கே அரிச்சுவடி. அந்த மனுஷன் ஈறு நோய் வந்து வாசிக்க முடியாம, ஸ்விங் பெரிய பேண்டுங்க வந்ததும் யாரும் சீந்தாம, ஜார்ஜியால சவானாங்கற ஊர்ல பூல் ஹால் கூட்டிப் பெருக்குற வேல பாத்து 1938ல செத்தாரு. பங்க் ஜான்சன் கதை இன்னும் ஒரு படி மேல. ஜாஸ ஆரம்பிச்சு வெச்சவருன்னு சொல்லப்படுற கார்னெட்காரர் பட்டி போல்டன் காலத்து ட்ரம்பெட்காரர் அவர்னு பேச்சு, லூசியானால நியூ ஐபீரியாங்கற சின்ன ஊர்ல லாரி ஓட்டிட்டு, பல்லு கொட்டிப்போய், ட்ரம்பெட்டும் கைல இல்லாம இருந்தாரு. ஜாஸ் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவங்க ஆர்ம்ஸ்ட்ராங் குடுத்த தகவல வெச்சு 1930கள் கடைசில தேடிப் புடிச்சு, காசு வசூல் பண்ணி ட்ரம்பெட் வாங்கிக் குடுத்து, பல்செட்டு கட்டி விட்டாங்க. பல்லு கட்டுனது யாருன்னு நெனைக்கிறீங்க, பேர்போன கிளாரினெட்காரர் சிட்னி பெஷேவோட அண்ணன் லியனார்டு பெஷே, அவர் பல் டாக்டர். 1942ல பங்க் ஜான்சன் ரெக்கார்டு பண்ணினாரு, ரிவைவல், அதாவது பழைய ஜாஸுக்கு மறுபிறப்புன்னு உலகம் பூரா பேச்சாச்சு. வயச மட்டும் பத்து வருஷம் கூட்டிச் சொல்லியிருந்தாருன்னு பின்னாடி ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க, போல்டன் கூட வாசிச்சவன்னு சொல்லிக்க வேணாமா பின்ன.

அந்த ரிவைவல் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் பண்ணுச்சு. மறந்துபோனவங்களுக்கு சோறு போட்டுச்சு, அது பெரிய புண்ணியம். ஆனா "1920கள்ல எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கணும், சாக்ஸஃபோன் வந்தா தீட்டு"ன்னு ஒரு மடி ஆசாரக் கூட்டத்தையும் வளத்து விட்டுருச்சு, 1940கள்ல வந்த பீபாப்ங்கற புது ஜாஸ் கேக்குறவங்க இவங்கள மோல்டி ஃபிக், அதாவது பூசணம் புடிச்ச அத்திப்பழம்னு கிண்டலடிச்சது சும்மா இல்ல. இங்கிலாந்து பப்புல ட்ரம்ஸ்காரரோட பேரன் சாக்ஸ் வாசிப்பான்னு பேச்சு வந்துச்சு, ஏன் கூட்டிட்டு வரலன்னு கேட்டேன், "அவன் வாசிக்கிறது இங்க ஒத்துவராது"ன்னாங்க. நான் வாயத் தொறக்கல. எனக்கென்னவோ அன்னிக்கே முடிஞ்சு போச்சுன்னு தோணுச்சு.

சரி, இப்ப இன்னொரு ஞாயித்துக்கிழம.

நியூ ஆர்லியன்ஸ்ல ட்ரெமேன்னு ஒரு ஏரியா, கறுப்பின மக்களோட ரொம்பப் பழைய பேட்ட. அதுக்கு நடுவுல க்ளெய்போர்ன் அவென்யூன்னு ஒரு ரோடு, நடுத்திட்டு பூரா வயசான ஓக் மரம், ரெண்டு பக்கமும் கட, கண்ணின்னு இருந்த எடத்த 1960கள்ல மரத்த வெட்டி மேல ஹைவே பாலம் கட்டி கெடுத்தாங்க. அந்தப் பாலத்துக்குக் கீழ நான் நின்னுட்டிருந்தேன். தூரத்துல மொதல்ல கேட்டது பாஸ் ட்ரம், அப்புறம் சூசஃபோன், ஒடம்புல மாட்டிட்டு நடக்குற ட்யூபா, அப்புறம் ஒரேயடியா ட்ரம்பெட்டு மூணு, ட்ராம்போன் மூணு. முன்னாடி அன்னிக்கு ஊர்வலம் நடத்துற க்ளப்பு மெம்பருங்க ஒரே கலர்ல கோட்டு, ஷூ, தொப்பி, இறகு விசிறி. அவங்களச் சுத்தி கயிறு. பின்னாடி ஊரே ஆடிட்டு வருது, அதுக்குத்தான் செகண்ட் லைன்னு பேரு. பாலத்துக்குக் கீழ வந்ததும் கான்க்ரீட்ல பட்டு சத்தம் ரெண்டு மடங்காச்சு, வாசிக்கிற பசங்களுக்கும் அது தெரியும், அங்க வந்ததும் வேணும்னே நின்னு ஒரு ஏத்து ஏத்துனாங்க, நெஞ்செலும்பு அதிருது. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா கைக்குழந்தைய இடுப்புல வெச்சுட்டு, இன்னொரு கைல கர்ச்சீப்ப சுத்திட்டு ஆடுறாங்க, அந்தக் குழந்த காலு தாளத்துக்கு சரியா ஆடுது. பிக்கப் வண்டில கோழி சுடுறாங்க, ஐஸ் பெட்டில பீரு. நாலு மணி நேரம் நடக்கும். கடும் கோட மாசத்த விட்டா வருஷம் பூரா கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும் ஏதாவது ஒரு க்ளப்போட மொற.

இந்த க்ளப்புங்க என்னன்னு தெரிஞ்சாத்தான் விஷயம் புரியும். அடிமைத்தனம் முடிஞ்ச பிற்பாடு கறுப்பின மக்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்க ஆள் இல்ல, அதனால அவங்களே சங்கம் வெச்சு மாசாமாசம் சந்தா கட்டி, ஒடம்பு முடியலன்னா மருந்து, செத்தா கௌரவமா அடக்கம், பேண்டோட ஊர்வலம்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. யங் மென் ஒலிம்பியன்னு ஒரு சங்கம் 1884லேந்து இருக்கு, ஜாஸுங்கற பேரு வர்றதுக்கு முன்னாடி. சாவு ஊர்வலத்துல போறப்ப மெதுவா சர்ச் கீதம், ஸ்னேர் ட்ரம்முல அடிக்கம்பியத் தளத்தி விட்டு மூக்கடைச்ச மாதிரி ஒரு சத்தம், ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சு நடப்பாங்க. ஒரு எடத்துல வண்டிய தனியா அனுப்பிருவாங்க, உடல விடுறதுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ட்ரம்ஸ்காரர் கம்பிய இறுக்கி ஒரு உருட்டு உருட்டுனா போதும், அழுதுட்டிருந்தவங்களே ஆட ஆரம்பிச்சிருவாங்க. இத நம்மூர்க்காரங்களுக்கு நான் விளக்கணுமா என்ன.

பப்புல கேட்டதுக்கும் பாலத்தடில கேட்டதுக்கும் என்ன வித்தியாசம்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். இங்க இசைக்கு ஒரு வேல இருக்கு. ஆள் செத்தா வேணும், க்ளப்போட ஆண்டு விழாக்கு வேணும், கல்யாணத்துக்கு வேணும். ஜாஸ் புடிக்குமான்னு யாரும் யாரையும் கேக்குறதில்ல.

அதுக்காக அங்க ஆபத்தே வரலன்னு இல்ல, அங்கயே ரெண்டு தடவ கிட்டத்தட்ட போயிருச்சு. 1950கள் முடியறப்ப பழைய வாசிப்புக்காரங்களுக்கு வேலையே இல்ல. 1961ல ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபின்னு வெளியூர்லேந்து வந்த எளம் தம்பதி செயின்ட் பீட்டர் ஸ்ட்ரீட்ல ப்ரிசர்வேஷன் ஹாலக் கையில எடுத்து நடத்துனாங்க. அப்ப கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா ஒக்காந்து கேக்குறதே அந்த ஊர்ல சட்டச் சிக்கல். ஜார்ஜ் லூயிஸ், ஸ்வீட் எம்மா பாரெட், கிட் தாமஸ்னு வயசான கலைஞருங்களுக்கு தெனம் வேல கெடச்சுது. இன்னிக்கும் அந்த எடம் ஒரு அழுக்குச் சுவர் ரூம்தான், மைக் கெடையாது, சரக்கு கெடையாது, பாத்ரூம்கூட கெடையாது, மொதல்ல போறவங்களுக்கு தரைல மெத்த, அப்புறம் பெஞ்சு, மத்தவங்க நிக்கணும். "வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்"ங்கற பாட்டு கேட்டா மத்த பாட்ட விட ரேட்டு அதிகம்னு போர்டே போட்டிருந்தாங்க, அவ்ளோ தடவ வாசிச்சு சலிச்சுப் போச்சு பாவம். டூரிஸ்ட் மியூசியம்னு சிலபேர் மூக்க சுளிப்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன், ட்ரம்பெட்காரர் மூச்சு வாங்குற சத்தம் கேக்குற தூரத்துல ஒக்காந்து கேட்டுப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ரெண்டாவது தடவ 1970 வாக்குல. ஊர்வல பேண்டுல எல்லாம் வயசானவங்க, பசங்க எல்லாம் சோல், ஃபங்க் பக்கம். டேனி பார்க்கர்னு ஒரு பாஞ்சோ, கிட்டார்காரர், நியூயார்க்ல பேர்போன பேண்டு லீடர் கேப் காலவேயோட பேண்டுல எல்லாம் இருந்துட்டு 1965ல சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தாரு. ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சர்ச்சோட போதகர் கேட்டாருன்னு தெருப்பசங்களச் சேத்து ஒரு பேண்டு ஆரம்பிச்சாரு. லீராய் ஜோன்ஸ்னு பன்னண்டு பதிமூணு வயசு ட்ரம்பெட் பையன் லீடரு, அவன் வீட்டு கராஜ்லதான் ரிகர்சல். பெரியவங்க பொழப்புல பசங்க கை வெக்கிறாங்கன்னு இசைக்கலைஞர் யூனியன் பக்கம் முணுமுணுப்பு வந்து அவர் ஒதுங்கிக்கிட்டாரு, ஆனா வெத போட்டாச்சு. அந்த வட்டாரத்துலேந்துதான் கிளாரினெட் மைக்கேல் வைட், ட்ரம்பெட் கிரெக் ஸ்டாஃபோர்டு, ட்ராம்போன் லூசியன் பார்பரின் எல்லாம் வந்தாங்க. 1977ல டர்ட்டி டஜன் பிராஸ் பேண்டு, 1983ல ரீபர்த் பிராஸ் பேண்டுன்னு அடுத்தடுத்து பசங்க கிளம்பி ஃபங்க், பீபாப் எல்லாத்தையும் தெரு ஊர்வலத்துல கலந்து விட்டாங்க. ரீபர்த் 2012ல கிராமி வாங்குனாங்க.

இது ட்ரெடிஷனலே இல்லன்னு சண்ட போடுறவங்க இருக்காங்க. எனக்கு ரெண்டு மனசு. தெருவுல ஜனம் ஆடுறதுக்கு வாசிக்கிறதுதான் அந்த மரபுன்னு பாத்தா, ரீபர்த் பசங்கதான் நேர் வாரிசு, 1905ல பட்டி போல்டனும் அன்னிக்கு ஹிட்டான பாட்டத்தான் சத்தமா வாசிச்சிருப்பாரு. ஆனா அந்த மூணு குரல் பின்னல் இருக்கே, அது இதுல கொறஞ்சு போச்சு, எல்லாரும் சேந்து ரிஃப், அதாவது ஒரே சின்ன வரியத் திரும்பத் திரும்ப, அடிக்கிறாங்க. மெதுவான சாவு கீதம் வாசிக்கிறதுக்கு பொறுமையும் டோனும் வேணும், அது தெரிஞ்ச பசங்க எண்ணிக்க கம்மிதான். அதைவிட முக்கியமா கிளாரினெட் காணாமப் போச்சு, வெட்டவெளில சாக்ஸ் சத்தம் தாங்கும், கிளாரினெட் எடுபடாது, அதனால புது பேண்டுங்கள்ல கிளாரினெட்டுக்கு நாற்காலியே இல்ல. இத ஞாபகம் வெச்சுக்கங்க, உங்க பொண்ணு விஷயத்துக்கு திரும்ப வரேன்.

2005 ஆகஸ்ட்ல கத்ரீனா புயல் வந்தப்ப நகரத்துல எண்பது சதவீதம் தண்ணிக்குள்ள. வாசிக்கிற ஆளுங்க ஹூஸ்டன், அட்லாண்டான்னு செதறிட்டாங்க. மைக்கேல் வைட் வீட்டுல டஜன் கணக்குல பழைய கிளாரினெட்டு, ஆயிரக்கணக்குல ரெக்கார்டு, புஸ்தகம், பழைய கலைஞருங்ககிட்ட எடுத்த பேட்டிங்க, எல்லாம் சேறு. அப்புறம் வாடகை ஏறுச்சு, வீடு வாங்கி வந்த புது ஆளுங்களுக்கு சத்தம் புடிக்கல. 2006ல ஊர்வலத்துக்கு போலீஸ் கட்டணத்த பல மடங்கு ஏத்துனாங்க, க்ளப்புங்க சேந்து கோர்ட்டுக்குப் போய்த்தான் எறக்குனாங்க. 2007 அக்டோபர்ல கெர்வின் ஜேம்ஸ்னு ஒரு ட்யூபா கலைஞர் செத்துட்டாரு, ரீபர்த் லீடரோட தம்பி, வழக்கப்படி ராத்திரி நண்பருங்க ட்ரெமே தெருவுல கீதம் வாசிச்சுட்டுப் போறாங்க, வரிசையா போலீஸ் காரு வந்து நிறுத்தி, பெர்மிட் இல்லன்னு ட்ரம்ஸ் டெரிக் டாபையும் அவர் கூடப்பொறந்த ட்ராம்போன்காரர் கிளென் டேவிட் ஆண்ட்ரூஸையும் கைது பண்ணிட்டாங்க. அடுத்த நாள் பெர்மிட் வாங்கிட்டு அதே தெருவுல திரும்ப நடந்தாங்க. அந்த டெரிக் டாப்தான் அதே வருஷம் ரூட்ஸ் ஆஃப் மியூசிக்னு ஸ்கூல் பசங்களுக்கு இலவச வாசிப்புப் பயிற்சி ஆரம்பிச்சவரு. செத்துப்போன இசைக்கு யாராவது விலங்கு மாட்டுவாங்களா?

இது ஒரு பக்கம். இன்னொரு கூட்டமும் இருக்கு, இவங்கதான் உங்க பொண்ணு யூடியூப்ல பாத்தவங்களா இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் ராயல் ஸ்ட்ரீட்ல நடைபாதைல ஒக்காந்து வாசிக்கிறவங்க. ட்யூபா ஸ்கின்னின்னு ஒரு பேண்டு, 2009லேந்து, முக்காவாசி வெளியூர்லேந்து வந்து அங்க செட்டிலான பசங்க, கார்னெட் ஷே கோன்னு ஒரு பொண்ணு, அவங்க தாத்தா அல் கோன் பெரிய சாக்ஸஃபோன்காரர். இவங்ககிட்ட எனக்குப் புடிச்சது, டிக்சிலேண்ட்னாலே தேஞ்ச தட்டு மாதிரி சுத்துற அதே பத்து பாட்ட வாசிக்கிறதில்ல, 1920கள்ல யாரோ ஒரு தடவ ரெக்கார்டு பண்ணி மறந்துபோன ட்யூன தூசி தட்டி எடுத்து வருவாங்க. சோலோ போட்டி இல்ல, மூணு குரல் பின்னல்தான் முக்கியம். யாரோ ரசிகருங்க ஃபோன்ல எடுத்து ஏத்துன வீடியோவுலயே உலகம் பூரா தெரிஞ்சாங்க. வெளியூர் வெள்ளக்காரப் பசங்களுக்கு கெடைக்கிற பேரு உள்ளூர் கறுப்பினக் கலைஞருங்களுக்குக் கெடைக்குதான்னு கேட்டா அது நியாயமான கேள்வி, அங்கயும் அந்தப் பேச்சு இருக்கு. ஆனா அதே ராயல் ஸ்ட்ரீட்லதான் டொரீன் கெச்சன்ஸ் பல வருஷமா கிளாரினெட் வாசிக்கிறாங்க, ட்ரெமேல பொறந்து வளந்தவங்க, புருஷன் சூசஃபோன், பொண்ணு ட்ரம்ஸ். அவங்க மேல் ஸ்தாயில ஒரு சுரத்தப் புடிச்சு நிறுத்துனா ரோட்டுல போறவன் பையக் கீழ வெச்சுருவான்.

வெளிநாட்டுக் கதைய சுருக்கமா சொல்றேன். பார்சிலோனால ஜோன் சமோரோ 2006ல ஆரம்பிச்ச சான்ட் ஆந்த்ரேயு ஜாஸ் பேண்டு முழுக்க பசங்கதான், ஏழெட்டு வயசுலேந்து, ட்ரம்பெட் வாசிச்சுப் பாடுற ஆன்ட்ரியா மோட்டிஸ் அங்கேந்துதான் வந்தாங்க. ஜெர்மனில ட்ரெஸ்டன் டிக்சிலேண்ட் ஃபெஸ்டிவல் 1971ல கிழக்கு ஜெர்மனி காலத்துல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது. ஜப்பான்ல யோஷியோ தோயாமா, கெய்கோ தோயாமான்னு ஒரு தம்பதி, எளவயசுல நியூ ஆர்லியன்ஸ்ல போய் அஞ்சு வருஷம் இருந்து கத்துக்கிட்டு வந்தவங்க, பின்னாடி அந்த ஊர் ஏழைப் பசங்களுக்கு நூத்துக்கணக்குல வாத்தியம் சேத்து அனுப்புனாங்க. 2011 சுனாமில கெசெனுமாங்கற ஊர்ல பசங்களோட ஜாஸ் பேண்டு வாத்தியமெல்லாம் கடலோட போனப்ப நியூ ஆர்லியன்ஸ்லேந்து வாத்தியம் திரும்பிப் போச்சு.

காசு விஷயம் மறைக்கக்கூடாது. அமெரிக்காவுல 2014ல நீல்சன்ங்கற கணக்கெடுப்பு கம்பெனி எடுத்த கணக்குல மொத்த இசை நுகர்வுல ஜாஸோட பங்கு 1.4 சதவீதம், அதுல எல்லா ஜாஸும் அடக்கம், நம்ம ட்ரெடிஷனல் அதுக்குள்ள ஒரு துளி. நல்லா வாசிக்கிறவங்களே பக்கெட்ல விழுற டிப்ஸையும் கல்யாண ஆர்டரையும் நம்பித்தான் இருக்காங்க, 2020ல கோவிட் வந்து தெரு காலியானப்ப நெறைய பேரு கஷ்டப்பட்டாங்க. இத நம்பி வீடு வாங்கலாமான்னு கேட்டா நான் ஆமாம்னு சொல்லமாட்டேன். ஆனா அப்டிப் பாத்தா அந்த சார் சொன்ன மாடர்ன் ஜாஸ், கிளாசிக்கல் ரெண்டுலயும்தான் வீடு வாங்க முடியாது, அத ஏன் அவர் சொல்லல?

உங்க பொண்ணு விஷயம். அவ கைல இருக்குறது கிளாரினெட், அதுதான் இப்ப ஆள் கொறவா இருக்குற எடம். ட்ரம்பெட் வாசிக்கிற பசங்க தெருவுக்கு பத்து பேர், மேல படர்ற கொடி மாதிரி காதால கேட்டு வாசிக்கத் தெரிஞ்ச கிளாரினெட் கெடைக்கிறது கஷ்டம். சாரை மாத்தாதீங்க, விரல், மூச்சு, டோனுக்கு அவரு வேணும், கிளாசிக்கல் பயிற்சி ஒண்ணும் வீணாப் போகாது, நியூ ஆர்லியன்ஸ் கிரியோல், அதாவது பிரெஞ்சு வழி வந்த கலப்பினக் குடும்பத்து, கிளாரினெட்காரங்கள்ல பலபேர் அப்டிக் கத்துக்கிட்டவங்கதான். கூடவே ஜானி டாட்ஸ், ஜிம்மி நூன், சிட்னி பெஷே, ஜார்ஜ் லூயிஸ் நாலு பேரையும் தெனம் ஒண்ணா கேக்கச் சொல்லுங்க, நாலும் நாலு சாதிக் குரல். 1923 ஆலிவர் ரெக்கார்டு மொதல்ல கொரகொரன்னுதான் இருக்கும், மைக்கே இல்லாம கொம்புக் குழாய் வழியா பதிஞ்சது, பாஸ் ட்ரம் அடிச்சா ஊசி எகிறிடும்னு ட்ரம்ஸ்காரருக்கு மரக்கட்டையத்தான் குடுத்தாங்க, ரெண்டு நாள்ல காது பழகிரும். அப்புறம் ஹை சொசைட்டிங்கற மார்ச்சுல வர்ற கிளாரினெட் சோலோ, அது பிக்கலோங்கற குட்டிப் புல்லாங்குழலுக்கு எழுதுன வரிய ஆல்ஃபோன்ஸ் பிக்கூ எடுத்து கிளாரினெட்ல வாசிச்சது, நூறு வருஷமா இந்த ஸ்டைல்ல கிளாரினெட் வாசிக்கிற எல்லாரும் அத வாசிச்சுக் காட்டித்தான் ஆகணும். நோட்ஸ் வாங்கிக் குடுத்துராதீங்க, யூடியூப் வேகத்த முக்காலாக் கொறச்சு காதால புடிக்கட்டும், ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல.

நியூஜெர்சிலேந்து நீங்க நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போகவும் வேணாம். நியூயார்க்ல வின்ஸ் ஜியோர்டானோன்னு ஒருத்தர், 1920கள் பேண்டு இசைய அப்டியே வாசிக்கிறவர், வீட்டுல அறுபதாயிரம் அரேஞ்ச்மென்ட் பேப்பர் சேத்து வெச்சிருக்காரு. ஸ்ப்ரிங் ஸ்ட்ரீட்ல இயர் இன்ங்கற சின்ன பார்ல ரொம்ப வருஷமா ஞாயித்துக்கிழம ராத்திரி ஜான்-எரிக் கெல்சோ ட்ரம்பெட்டோட நாலு பேர் ஒக்காந்து வாசிப்பாங்க, பார்ங்கறதால பொண்ணுக்கு சரிப்படாது, அது உங்களுக்கு. அவள குயின்ஸ்ல கொரோனா ஏரியாவுல இருக்குற ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. 1943லேந்து 1971ல சாகுற வரைக்கும் உலகமே கொண்டாடுன மனுஷன் இருந்த வீடு, பக்கத்து வீடுங்க மாதிரியே சாதாரணமா இருக்கும், நீலப் பச்சைல பளபளன்னு இருக்குற சமையல்கட்டு மாதிரி ஒண்ணு ரெண்டுதான் ஆடம்பரம். அவரு வீட்டுல ஒக்காந்து பேசுனது, வாசிச்சதுன்னு டேப்புல பதிஞ்சு வெச்சதையெல்லாம் போட்டுக் காட்டுவாங்க. 7 நம்பர் ட்ரெய்ன், 103வது தெரு ஸ்டேஷன், அங்கேந்து நடந்துரலாம்.